ஆலோசனை அமர்வில் கேட்பதும் பேசுவதும்: புதிய ஆலோசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

படிப்பை முடித்துவிட்டு முதன்முறையாக ஒருவருக்கு எதிரே உட்காரப்போகும் ஆலோசகர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் இருப்பவர்களின் அமர்வுகளைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பட்டது ஒன்று உண்டு. அவர்கள் தவறாகப் பேசுவது குறைவு. சரியானதை நேரம் கெட்ட நேரத்தில் பேசுவதுதான் அதிகம். அறிவுரை நல்லதாகவே இருக்கும். ஆனால் வந்தவர் பாதிக் கதையைக்கூடச் சொல்லியிருக்கமாட்டார். கேள்வி பொருத்தமாகவே இருக்கும்; ஆனால் அதற்கு முன் அவர் சொன்ன பதில் யாரும் தொடாமல் கிடக்கும். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பழகுங்கள். கை பழகிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

1. வந்தவர் நுழையும் முன் முடித்துவைக்க வேண்டியவை

இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். நேருக்கு நேர் போடாமல் சற்றுக் கோணமாகப் போடுங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கோணமாக இருந்தால் பார்க்கலாம், வேண்டாமென்றால் பார்வையை வேறெங்காவது வைத்துக்கொள்ளலாம். நடுவில் மேசை வேண்டாம். கதவுக்குப் போகும் வழியை இருவரில் யாரும் மறிக்கக் கூடாது. வந்தவருக்கு அடைபட்ட உணர்வு வரக் கூடாது. நிலைமை முற்றினால் நீங்கள் வெளியேறவும் வழி வேண்டும்.

கடிகாரத்தை அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மாட்டுங்கள். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாலே, ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கேட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். போனைச் சைலன்டில் வைத்தால் போதாது, அணைத்துவிடுங்கள். மேசைமேல் அதிரும் போன் அழுகையைக்கூடப் பாதியில் நிறுத்திவிடும்.

கையில் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: ஒப்புதல் படிவம், மேற்கொண்டு அனுப்பக்கூடிய இடங்களின் பட்டியல் (மனநல மருத்துவர், அவசர சிகிச்சை, தற்கொலைத் தடுப்பு உதவி எண், குடும்ப வன்முறைக்கான உதவி, சட்ட உதவி), கூப்பிட்டால் உடனே எடுக்கக்கூடிய மேற்பார்வையாளரின் எண். நெருக்கடி வந்த பிறகுதான் பெரும்பாலோர் இந்தப் பட்டியலைத் தேடுகிறார்கள். எண்கள் வேலை செய்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

போனிலோ வீடியோவிலோ பேசுவதாக இருந்தால் தொடக்கத்திலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: இப்போது எந்த இடத்தில் இருக்கிறார், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது. முகவரி தெரியாவிட்டால் ஆபத்து நேரத்தில் உங்களால் யாரையும் அங்கே அனுப்ப முடியாது.

2. ரகசியத்தின் எல்லையைக் கதைக்கு முன்பே சொல்லுங்கள்

வந்தவர் உட்கார்ந்ததும் கதை கொட்டத் தொடங்கும். அதைத் தடுக்க மனம் வராமல் புதியவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால் நடப்பது இதுதான்: அரை மணி நேரம் கழித்து அவர் ஒரு குழந்தை அடிபடுவதைச் சொல்வார், அப்போதுதான் நீங்கள், ‘இதை நான் வெளியே சொல்லியாக வேண்டும்’ என்பீர்கள். அவருக்கு அது துரோகம். முதலிலேயே சொல்லியிருந்தால், எதைச் சொல்வது என்று அவரே முடிவு செய்திருப்பார்.

படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதாது. வாயால் சொல்லுங்கள்:

“நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு நிமிஷம். நாம 50 நிமிஷம் பேசப்போறோம். இங்க பேசறதை நான் வெளியில சொல்லமாட்டேன். ஆனா சில விஷயத்துல அப்படி இருக்க முடியாது. உங்க உயிருக்கோ வேற ஒருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னா, கோர்ட் உத்தரவு போட்டுக் கேட்டா, நான் சொல்லவேண்டி வரலாம். முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். நான் சரியா வேலை செய்யறேனான்னு பாக்க ஒரு மேற்பார்வையாளர் இருக்காங்க. அவங்ககிட்ட பேர் சொல்லாம பேசுவேன். இதுல ஏதாவது கேக்கணுமா?”

எந்தெந்தச் சூழலில் தகவல் தந்தே ஆக வேண்டும் என்பது சட்டத்துக்குச் சட்டம் வேறுபடும். நீங்கள் வேலை செய்யும் இடத்தின் விதியைப் படித்து, மேலே உள்ளதை அதற்கேற்ப மாற்றி, உங்கள் வாய்க்கு வரும் மொழியில் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மனப்பாடம் செய்தால் நாடகம்போல் இருக்குமே என்று கவலை வேண்டாம். திக்கித் திணறிச் சொன்னால்தான் அது ஏதோ மறைப்பதுபோல் கேட்கும்.

3. ஒரே ஒரு திறந்த கேள்வி, பிறகு வாய்க்குப் பூட்டு

“இன்னிக்கு எதைப் பத்திப் பேசலாம்னு வந்தீங்க?” இதுபோல ஒன்று போதும். அதற்குப் பிறகு அவர் மூச்சு விடும்வரை குறுக்கிடாதீர்கள்.

விவரப் படிவத்தை வரிசையாக வாசித்துக் கேட்பது இங்கே வரும் முதல் தவறு. வயது, வேலை, எத்தனை பிள்ளைகள், என்ன மருந்து என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டால் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுவார்: இங்கே கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும். பிறகு நீங்கள் எவ்வளவு திறந்த கேள்வி கேட்டாலும் இரண்டு சொல்லில்தான் பதில் வரும். விவரங்களில் பாதி அவர் கதையிலேயே வந்துவிடும். மீதியை அமர்வின் பிற்பகுதியில், “சில விவரம் மட்டும் கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அவர் பேசும்போது உங்கள் உடம்பும் கேட்கிறது என்று தெரிய வேண்டும். கை கட்டாமல், சற்றே முன்னால் சாய்ந்து, தளர்ந்து உட்காருங்கள். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை விதியாக எடுக்காதீர்கள். வெட்கமான விஷயத்தைச் சொல்லும்போது யாரும் கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டார்கள். அப்போது உங்கள் பார்வையையும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வதே மரியாதை. தலையாட்டலையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓயாத தலையாட்டல், ‘சீக்கிரம் சொல்லுங்க’ என்பதுபோல் ஆகிவிடும்.

“ம்”, “சொல்லுங்க”, “அப்புறம்?” என்ற சிறு சொற்கள் பேச்சை ஓடவைக்கும். அவர் கடைசியாகச் சொன்ன சொல்லைத் திருப்பிப் போடுவது இன்னும் நன்றாக வேலை செய்யும். “அன்னிலேருந்து அவர்கிட்ட பேசறதையே விட்டுட்டேன்” என்றால், “விட்டுட்டீங்க...” அவ்வளவுதான். அவரே தொடர்வார்.

4. கேள்விக்கு முன் பிரதிபலிப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிரதிபலித்தல் என்றால் அவர் சொன்னதை, உங்களுக்குப் புரிந்த அளவில், உங்கள் சொற்களில் அவர்முன் வைப்பது. இது மூன்று ஆழத்தில் நடக்கும். ஓர் எடுத்துக்காட்டு. நோயாளியான தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள் சொல்கிறார்:

“அம்மாவைப் பாத்துக்கறது நான்தான். தம்பி மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். அவன் போன் வந்தா அம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கிறேன். அது யாருக்கும் தெரியாது.”

சொன்ன செய்தியை மட்டும் பிரதிபலித்தால்: “ராவும் பகலும் பாத்துக்கறது நீங்க. ஆனா அம்மா சிரிக்கறது தம்பி போனுக்கு.”

உணர்வைப் பிரதிபலித்தால்: “அந்தச் சிரிப்பைப் பாக்கும்போது உங்களுக்கு வலிக்குது.”

அதன் அடியில் இருப்பதைத் தொட்டால்: “நீங்க படற பாட்டை ஒருத்தராவது கவனிச்சா நல்லா இருக்கும்னு இருக்கு.”

இந்த மூன்றையும் இதே வரிசையில் பழகுங்கள். முதல் அமர்வின் மூன்றாவது நிமிடத்தில் மூன்றாவது வகையைச் சொன்னால், ‘இவர் யார் என் மனசைப் படிக்க’ என்று அவர் பின்வாங்குவார். செய்தியைச் சரியாகக் கேட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் உணர்வைத் தொட விடுவார்.

அதே இடத்தில் புதியவர்கள் வழக்கமாகச் சொல்வது வேறு. “அம்மாவுக்கு உங்க மேலயும் பாசம் இருக்கும்ல?” இது ஆறுதல்போல் தெரியும், உண்மையில் அவர் சொன்னதை மறுக்கிறது. “தம்பிகிட்ட இதைப் பேசிப் பாத்தீங்களா?” இது கேள்வி வேடம் போட்ட அறிவுரை. “ராத்திரிக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாமே?” அவர் ஆள் தேடி உங்களிடம் வரவில்லை. மூன்றுக்கும் பிறகு ஒரே பதில்தான் வரும்: “ம், பாக்கலாம்.” அத்தோடு அந்தக் கதவு மூடிவிடும்.

சில நுணுக்கங்கள். பிரதிபலிப்பின் முடிவில் குரல் இறங்க வேண்டும். “வலிக்குது” என்று தாழ்த்தி முடித்தால் அவர் உள்ளே பார்ப்பார். “வலிக்குதா?” என்று ஏற்றினால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். இதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. பதிவு செய்து கேட்டால்தான் பிடிபடும்.

உணர்வுக்குப் பெயர் வைக்கும்போது அவர் சொன்னதைவிட ஒரு படி குறைவாகவே வையுங்கள். எரிச்சல் என்று நீங்கள் சொன்னால், “எரிச்சலா? எனக்குக் கொதிக்குது” என்று அவரே மேலே போவார். ஆத்திரம் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால், “சேச்சே, அவ்வளவெல்லாம் இல்லை” என்று பின்வாங்கிவிடுவார்.

தப்பாகிவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். “கோபம் இல்லைங்க, பயம்” என்று அவர் திருத்தினால் அது உங்களுக்கு லாபம். “ஓ, பயம்” என்று வாங்கிக்கொண்டு நகருங்கள். நீங்கள் ஏன் கோபம் என்று நினைத்தீர்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

“எனக்குப் புரியுது” என்பதை உங்கள் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். புரிந்தது என்றால் புரிந்ததைச் சொல்லிக் காட்டுங்கள். கிளிப்பிள்ளைபோல் அவர் சொன்னதையே முழுதாகத் திருப்பிச் சொல்வதும் வேண்டாம். இரண்டு முறைக்கு மேல் செய்தால் கேலி செய்வதாகவே தோன்றும்.

பலர் உணர்வை உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள்: நெஞ்சு அடைக்குது, தலை பாரமா இருக்கு, வயிற்றைப் பிசையுது. அவசரமாக அதை மனக்கவலை என்று மாற்றிவிடாதீர்கள். அவர் சொல்லையே பிடித்துக்கொண்டு, “நெஞ்சு அடைக்கறது எப்ப அதிகமாகுது?” என்று போங்கள். கூடவே மருத்துவரிடம் காட்டியிருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். நெஞ்சுவலி உண்மையிலேயே நெஞ்சுவலியாகவும் இருக்கலாம்.

5. மௌனத்தை நிரப்பாதீர்கள்

அவர் பேச்சை நிறுத்துகிறார். இரண்டு விநாடி போகிறது. உங்களுக்கு அது இரண்டு நிமிடமாகத் தெரிகிறது. வாயில் வந்த கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். அவர் எதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எடைபோட்டுக்கொண்டிருந்தாரோ, அது போயே போய்விட்டது.

அவர் கண்ணைப் பாருங்கள். எங்கோ நிலைத்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, காத்திருங்கள். உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் சொல்லி முடித்துவிட்டு உங்கள் பேச்சை எதிர்பார்க்கிறார். விரலை முறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்தால் அது சங்கடம், “இதைச் சொல்றது கஷ்டமா இருக்கு போல. அவசரம் இல்லை” என்று சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருங்கள். உங்களுக்குப் பதற்றமாக இருந்தால் மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் அவர் தொடங்கிவிடுவார்.

6. இப்போது கேள்விகள்

வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் இருவரும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையில் (மாறுவதற்கான காரணங்களை வந்தவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சுமுறை இது) ஆலோசகரின் திறமையை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு இருந்தால் ஏற்கத்தக்க நிலை. ஒரு கேள்விக்கு இரண்டு இருந்தால் நல்ல நிலை. புதியவர்களின் பதிவைக் கேட்டால் நாலைந்து கேள்விக்கு ஒரு பிரதிபலிப்புகூடத் தேறாது. நீங்கள் எந்த முறையில் வேலை செய்தாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது திறந்த கேள்வியாகக் கேளுங்கள். தமிழில் இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: உங்கள் கேள்வி ‘ஆ’ என்று முடிந்தால் பெரும்பாலும் அது மூடிய கேள்வி. “தூக்கம் வருதா?” என்பதற்கு “வருது” என்று பதில் வரும். “தூக்கம் எப்படி இருக்கு?” என்றால், படுத்ததும் வருவதையும் மூன்று மணிக்கு விழிப்பதையும் அதற்குப் பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதையும் சொல்வார். மூடிய கேள்வி தவறில்லை. மருந்து, தேதி, ஆபத்து போன்றவற்றுக்கு அதுதான் வேண்டும். ஆனால் அதைக்கொண்டு கதை கேட்க முடியாது.

‘ஏன்’ என்ற கேள்வி வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். காரணம் எளிது. “ஏன் அப்படிப் பண்ணீங்க?” என்றதும் யாராக இருந்தாலும் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவார். “அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சு?” என்று கேட்டால் அதே விஷயம் சண்டையில்லாமல் கிடைக்கும்.

இரட்டைக் கேள்வியும் அடிக்கடி வருவது: “வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா, இல்ல அவங்க என்ன சொல்வாங்கன்னு பயந்து விட்டுட்டீங்களா?” அவர் இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்வார், முதலாவது தொலைந்துவிடும். அதைவிட மோசம், பதிலையும் சேர்த்தே கொடுக்கும் கேள்வி: “இப்ப பரவாயில்லைதானே?” பரவாயில்லை என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழியே இல்லை.

கேட்கும் முன் ஒரு கணம் யோசியுங்கள்: இந்தப் பதில் யாருக்கு வேண்டும்? கணவர் எங்கே வேலை பார்க்கிறார், அந்த இன்னொரு பெண் யார் என்பதெல்லாம் பல நேரம் நம் ஆர்வத்துக்கு மட்டுமே தேவைப்படுகிறது.

7. ஆபத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள்

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாப் புதியவர்களிடமும் இருக்கிறது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நிம்மதி அடைகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். “தப்பா எதுவும் நினைக்கலையே?” என்று கேட்டுவிட்டுக் கேட்டாயிற்று என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். இல்லை என்றே சொல்லுங்கள் என்று கெஞ்சுவதுபோல இருக்கிறது அது.

பொதுவிலிருந்து குறிப்பானதை நோக்கிப் போங்கள். “இவ்வளவு பாரத்தைச் சுமக்கும்போது சில பேருக்குச் செத்துட்டா பரவாயில்லைன்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?” ஆமாம் என்றால், “தற்கொலை பண்ணிக்கணும்னு நினைச்சிருக்கீங்களா?” தற்கொலை என்ற சொல்லை விழுங்காதீர்கள். நீங்கள் தயங்கினால், இதைக் கேட்கக்கூட இவருக்குத் தைரியம் இல்லை என்று அவர் முடிவு செய்துவிடுவார். பிறகு: எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா, இதுவரை எது அவரைத் தடுத்து வைத்திருக்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடுத்து நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு அதுதான் பிடிமானம்.

“இனிமே அப்படிச் செய்யமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க” என்று வாங்குவதை விட்டுவிடுங்கள். அது உயிரைக் காக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அடுத்த முறை எண்ணம் வரும்போது சத்தியத்தை மீறியதாக நினைத்து உங்களிடம் மறைப்பார். அதற்குப் பதிலாக இருவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுதுங்கள்: நிலைமை மோசமாகிறது என்பதற்கான அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், தொழில்முறை உதவி எண்கள், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவது. அவர் கையெழுத்தில், அவர் சொற்களில் எழுதி, அவரிடமே கொடுங்கள்.

திட்டமும் பொருளும் உடனடி எண்ணமும் இருந்தால் அமர்வு நேரம் முடிந்தது என்று அனுப்பாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள், அவசர சிகிச்சைக்கு வழி செய்யுங்கள். தொடக்கத்தில் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்று சொன்னது இந்த நேரத்துக்குத்தான்.

8. அவ்வப்போது தொகுத்துச் சொல்லுங்கள்

கதை நாலா பக்கமும் ஓடும்போதும், ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன்பும், அமர்வின் முடிவிலும் தொகுத்துச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். “இதுவரைக்கும் நீங்க சொன்னதை நான் சரியாப் பிடிச்சிருக்கேனான்னு பாக்கறேன்” என்று தொடங்கி, “ஏதாவது விட்டுட்டேனா?” என்று முடியுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பல நேரம் புதிய விஷயம் வரும்.

நிறுத்தாமல் பேசுகிறவரை மரியாதையாக நிறுத்தவும் இதுதான் வழி. “ஒரு நிமிஷம் நிறுத்தறேன், நீங்க சொன்னதுல எதையும் விட்டுடக் கூடாது” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

9. அறிவுரைக்கு வரிசை: கேள், சொல், கேள்

தகவல் சொல்லவே கூடாது என்பதில்லை. முதலில், “இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்ததையே சொல்லி நேரத்தை வீணாக்கவேண்டியிருக்காது. “நான் ஒண்ணு சொல்லலாமா?” என்று அனுமதி வாங்கிச் சுருக்கமாகச் சொல்லுங்கள். உடனே, “உங்க நிலைமைக்கு இது எப்படிப் படுது?” என்று மறுபடி கேளுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் அறிவுரை உங்களுடையதாகவே இருந்துவிடும்.

மாற வேண்டுமா வேண்டாமா என்று ஊசலாடுகிறவரிடம் அளவுகோல் நன்றாக உதவும். “0லேருந்து 10 வரைக்கும் வெச்சுக்கிட்டா, குடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?” அவர் 4 என்கிறார். புதியவர்கள் உடனே, “ஏன் 10 இல்லை?” என்பார்கள். அவர் குடியை விட முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். அடுக்க அடுக்க அவையே உறுதிப்படும். “0 இல்லாம 4 சொன்னீங்களே, எதனால?” என்று கேளுங்கள். விட வேண்டியதற்கான காரணங்கள் அவர் வாயாலேயே வரும்.

10. தடுமாறவைக்கும் தருணங்கள்

அழுகை. டிஷ்யூவை எடுத்துக் கையில் திணிக்காதீர்கள். ‘போதும் துடைங்க’ என்று அது சொல்லும். பக்கத்தில் இருக்கிறது, வேண்டுமென்றால் அவரே எடுப்பார். “அழாதீங்க” என்பதும் வேண்டாம்.

யாரோ அனுப்பி வந்தவர். “என் மனைவி சொன்னதால வந்தேன், எனக்கு ஒண்ணும் இல்லை.” இவரிடம் பிரச்சினை இருக்கிறது என்று நிரூபிக்க இறங்காதீர்கள். “உங்களுக்கு இஷ்டமில்லாம வரவெச்சுட்டாங்க. இந்த 50 நிமிஷம் உங்களுக்கே உபயோகமா இருக்கணும்னா எதைப் பேசலாம்?” என்று கேளுங்கள்.

கூட வந்தவர் பதில் சொல்வது. தாயோ கணவரோ முந்திக்கொண்டு பேசினால், அவர் சொன்னதை ஒரு வரியில் வாங்கிக்கொண்டு, வந்தவரை நோக்கித் திரும்புங்கள்: “அம்மா சொன்னதைக் கேட்டேன். நீங்க எப்படிப் பாக்கறீங்க?” கொஞ்ச நேரமாவது தனியாகப் பேசும் வழக்கத்தை எல்லோருக்கும் பொதுவான விதியாக வையுங்கள். வன்முறை பற்றிய கேள்விகளைக் கூட வந்தவர் முன் கேட்கவே கூடாது; பதிலுக்கான விலையை வந்தவர் வீட்டில் கொடுக்கவேண்டி வரும்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் குடும்பத்தாரை, குறிப்பாகக் குழந்தைகளை, அந்த வேலைக்கு வைக்காதீர்கள். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் வந்தவரைப் பார்த்துப் பேசுங்கள்.

“நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” மழுப்பினால் அவருக்குத் தெரிந்துவிடும். “நான் சொல்ற பதில் என் வாழ்க்கைக்குத்தான் சரியா இருக்கும். நீங்க ரெண்டுல எதுக்கோ பக்கத்துல வந்துட்ட மாதிரி இருக்கு. எது?” என்று நேராகச் சொல்லித் திருப்புங்கள். “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” போன்றவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் கேள்விக்குப் பின்னால் இருப்பதை விடாதீர்கள். “என் நிலைமை இவருக்குப் புரியுமான்னு யோசிக்கறீங்களோ” என்றால் பெரும்பாலும் ஆமாம் என்பார்.

11. முடிப்பதற்கு 10 நிமிடம் முன்பே முடிக்கத் தொடங்குங்கள்

“நமக்கு இன்னும் 10 நிமிஷம் இருக்கு” என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், நேரம் தீர்ந்து அவர் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தபடி அன்றைய மிகப் பெரிய விஷயத்தைச் சொல்வார். சிலர் வேண்டுமென்றே அப்போதுதான் சொல்வார்கள்; தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறதே. உயிராபத்து இல்லையென்றால் நேரத்தை நீட்டாதீர்கள். “நீங்க இப்ப சொன்னது ரொம்ப முக்கியம். அதுக்கு உரிய நேரம் குடுக்கணும். அடுத்த தடவை அதுலேருந்தே ஆரம்பிக்கலாம்” என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள்.

தொகுப்பு, அடுத்த முறைக்குள் அவர் செய்ய நினைக்கும் ஒரு சிறு விஷயம், அடுத்த தேதி. கடைசியாக ஒரு கேள்வி: “இன்னிக்குப் பேசினதுல எது உபயோகமா இருந்தது, எது இல்லை?” முதல் அமர்வில் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது அமர்விலாவது உண்மை வரும், அதுவும் நீங்கள் தவறாமல் கேட்டுவந்திருந்தால்.

12. குறிப்பு எழுதுவது

அமர்வின்போது எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். பெயர், தேதி, மருந்து போன்ற சில சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவர் போனதும் உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்தவரைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றால் இரண்டு கதையும் கலந்துவிடும்.

அவர் சொன்னது, நீங்கள் கண்டது, நீங்கள் ஊகித்தது என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். “மனச்சோர்வில் இருக்கிறார்” என்பது ஊகம். “மெதுவாகப் பேசினார், இரண்டு முறை அழுதார், இரு வாரமாகப் பசியில்லை என்றார்” என்பது குறிப்பு. ஆபத்து பற்றிக் கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும், நீங்கள் செய்ததையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பதில் இல்லை என்பதாக இருந்தாலும் எழுதுங்கள். வந்தவர் ஒருநாள் இந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அவர் முன்னால் வாசிக்கக் கூசும் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

13. அமர்வுக்கு வெளியே பயிற்சி செய்யும் முறை

மூன்று பேராகச் சேருங்கள்: ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க. பேசுகிறவர் நடிக்க வேண்டாம். தன் வாழ்க்கையின் சின்னத் தொல்லை ஒன்றைச் சொல்லட்டும். கேட்கிறவர் 10 நிமிடம் கேள்வியே கேட்கக் கூடாது, பிரதிபலிக்க மட்டுமே வேண்டும். முதல் சுற்று எல்லோருக்கும் திணறலாகவே இருக்கும்.

உண்மையான அமர்வைப் பதிவு செய்ய எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பதிவின் நடுவிலிருந்து 10 நிமிடத்தை அப்படியே எழுதி, உங்கள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கேள்வி, பிரதிபலிப்பு, தொகுப்பு, அறிவுரை என்று குறியுங்கள். அவர் உணர்ச்சியோடு ஏதாவது சொன்ன ஒவ்வோர் இடத்திலும் அடுத்து உங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள். அங்கே கேள்வியோ அறிவுரையோ இருந்தால், சொல்லியிருக்கக்கூடிய பிரதிபலிப்பைப் பக்கத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த அமர்வுக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய தாளை மேற்பார்வையாளரிடம் காட்டி முடித்ததும், ஒப்புதலில் சொன்னபடி பதிவை அழித்துவிடுங்கள்.